சாயம் போகாத சுவர்

மொசைக் என்றால் நமக்குத் தரைதான். சித்திரை வெயிலில் வெறும் முதுகோடு படுத்தால் ஜில்லென்று இருக்கும். அவ்வளவுதான் அதற்கு நாம் கொடுக்கிற மரியாதை. அந்த மொசைக்கை ஊரே அண்ணாந்து பார்க்கும்படி செய்தவர் ஒருவர் உண்டு. மெக்சிகோ நகரப் பல்கலைக்கழகத்தின் மத்திய நூலகம். பத்து மாடிக் கோபுரம், நாலு பக்கமும் கல் ஓவியம். மொத்தம் சுமார் 4,000 சதுர மீட்டர். கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் நிலத்தைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்தினால் எப்படி இருக்கும்? அப்படி.

செய்தவர் பெயர் ஹுவான் ஓ'கோர்மன். 1905-ல் பிறந்தவர். அப்பா அயர்லாந்துக்காரர், ஓவியர். மகன் படித்தது கட்டடக்கலை.

பி.காம். படித்த எனக்கு இவரது முதல் பாதி வாழ்க்கை ரொம்பப் பிடிக்கும். காரணம், சிக்கனம். 1930-களின் தொடக்கத்தில் அரசாங்கத்துக்காக இருபதுக்கும் மேற்பட்ட ஆரம்பப் பள்ளிகளைக் கட்டினார். பூ வேலை, வளைவு, அலங்காரம் எதுவும் கிடையாது. குறைந்த செலவு, நிறைந்த பயன். ஓவியத் தம்பதி டீகோ ரிவேராவுக்கும் ஃப்ரீடா காலோவுக்கும் இவர்தான் வீடு கட்டிக் கொடுத்தார். ஒன்றல்ல, இரண்டு. கணவருக்குத் தனி, மனைவிக்குத் தனி, நடுவில் மொட்டை மாடியில் ஒரு சின்னப் பாலம். எத்தனை அனுபவஸ்தர் பாருங்கள்!

அப்புறம் மனிதர் மாறினார். கட்டடத் தொழிலை ஒதுக்கிவிட்டுச் சுவரோவியத்துக்குப் போனார். 1930-களின் கடைசியில் விமான நிலையத்துக்கு மூன்று பகுதிகளாக ஓர் ஓவியம் வரைந்தார். அதில் ஹிட்லரையும் முசோலினியையும் கிண்டல் செய்திருந்தார். அரசாங்கத்துக்குச் சங்கடம். பக்கத்து இரண்டு பகுதிகளும் காலி. மிஞ்சியது நடுப்பகுதி மட்டும்.

அதற்குப் பிறகு வந்ததுதான் நூலகம், 1950-களின் ஆரம்பத்தில். உள்ளே முழுக்கப் புத்தக அடுக்குகள் என்பதால் கோபுரத்தில் ஜன்னலே கிடையாது என்று சொல்லிவிடலாம். அந்த மொட்டைச் சுவருக்குப் பெயின்ட் அடித்தால் வெயிலும் மழையும் எத்தனை வருஷம் விட்டுவைக்கும்? நாட்டின் பல பகுதிகளிலிருந்து வெவ்வேறு நிறக் கற்களைத் தேடித் தேடிக் கொண்டுவந்தார். கல்லின் சொந்த நிறம்தான் ஓவியத்தின் நிறம். கற்களைக் கீழேயே பதித்து, கான்கிரீட் ஊற்றி, ஒரு மீட்டர் சதுரப் பலகைகளாக்கி மேலே ஏற்றினார்கள். வடக்குச் சுவரில் ஸ்பானியர் வருவதற்கு முந்தைய மெக்சிகோ. தெற்கில் ஸ்பானியர் காலம். கிழக்கில் நவீன உலகம், அணு உள்பட. மேற்கில் பல்கலைக்கழகம். உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளியே சொல்லும் அட்டைப்படம்! சிக்கனக்காரர் எங்கேயும் போய்விடவில்லை பாருங்கள். ஒரு தடவை செலவு, சாயம் போகாது.

ஆனாலும் ஒரு குறையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். புகைப்படங்களை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு முதலில் தெரிவது ஒரு பெட்டி. அப்புறம்தான் அதற்குச் சுற்றிய பட்டுப்புடவை. சின்னத்துக்கு மேல் சின்னம், உருவத்துக்கு மேல் உருவம். கீழே நிற்கிறவர் எதை என்று படிப்பார்? அவர் முதலில் நினைத்தது பிரமிடு போன்ற ஒரு வடிவம். அது ஏற்கப்படவில்லை. அதனால் உடம்பு ஒரு ஜாதகம், உடுப்பு வேறு ஜாதகம்.

இரண்டும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதை அவர் வேறொரு இடத்தில் காட்டினார். பெட்ரிகல் என்னும் எரிமலைப் பாறைப் பகுதியில், இயற்கையான ஒரு குகையையே கூடமாக்கித் தனக்கு ஒரு வீடு கட்டினார். பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. உள்ளும் புறமும் கல் சித்திரங்கள். என்னைக் கேட்டால், நூலகத்தைவிட நூறு பங்கு உயிருள்ள வேலை இதுதான்.

அந்த வீடு இன்று இல்லை. 1969-ல் விற்றார். வாங்கியவரும் ஒரு கலைஞர்தான். ஆனாலும் வீட்டின் பெரும்பகுதி இடிபட்டு, அடையாளம் தெரியாமல் போயிற்று. 1982 ஜனவரியில், 76 வயதில், ஓ'கோர்மன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வீடு போனதால்தான் போனார் என்று நான் சொல்ல மாட்டேன். மனித மனசு அப்படி டேலி ஆகிற கணக்குப் புத்தகம் இல்லை.

பல்கலைக்கழக வளாகம் 2007-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது, நூலகத்தையும் சேர்த்துத்தான். சந்தோஷம். ஆனால் யோசித்துப் பாருங்கள். இரண்டாவது நல்ல வேலைக்குப் பட்டயம், முதல் நல்ல வேலைக்குக் கடப்பாரை. வெயில், மழை எல்லாவற்றுக்கும் கல்லில் பதில் கண்டுபிடித்தவருக்கு மனிதர்களுக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை.

கல் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளாது. 'இது நம்முடையது' என்று சொல்ல நாலு பேர் வேண்டும். நூலகத்துக்குத் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் இருந்தார்கள். அந்த வீட்டுக்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.