புதுப்பிப்பவர் யார்? ஆற்றல் மாற்றச் சொற்கள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றின் பிடியிலிருந்து விலகி, சூரியன், காற்று, நீர், தாவரம் ஆகியவற்றிலிருந்து ஆற்றல் பெறும் நிலைக்கு உலக நாடுகள் நகர முற்பட்டுள்ளன. மலேசிய அரசு 2023-ஆம் ஆண்டில் தேசிய ஆற்றல் மாற்றத் திட்டத்தை வெளியிட்டது. மின்னுற்பத்தி நிறுவுதிறனில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கை 2050-க்குள் 70 விழுக்காடாக உயர்த்துவது அதன் இலக்கு. இம்மாற்றம் குறித்த செய்திகள் தமிழுக்குப் பெரும்பாலும் மொழிபெயர்ப்பு வழியாகவே வந்து சேர்கின்றன. ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’, ‘தூய ஆற்றல்’, ‘பசுமைத் தொழில்நுட்பம்’ என்னும் தொடர்கள் நாளேடுகளிலும் மாணவர் கட்டுரைகளிலும் ஒன்றற்கொன்று மாற்றாக எழுதப்படுவதை ஆசிரியர்கள் அறிவர்.

இச்சொற்கள் பொருளைச் சுட்டுவதோடு நில்லாமல் அப்பொருள் நல்லது என்ற தீர்ப்பையும் உடன் வழங்கிவிடுகின்றன. தீர்ப்பு முந்திக்கொள்வதால் கேட்கப்பட வேண்டிய வினாக்கள் பிந்திவிடுகின்றன. அவ்வினாக்கள் யாவை என்பதையும், அவற்றை மலேசியத் தமிழர் ஏன் கேட்டாக வேண்டும் என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

எரியாததன் பெயரில் எரி

தமிழ்நாட்டு வழக்கில் பெருவரவினதாக உள்ள சொல் ‘எரிசக்தி’. இதிலுள்ள ‘எரி’ என்பதை வினையடியாகக் கொள்ளினும், நெருப்பைக் குறிக்கும் பெயராகக் கொள்ளினும், எரித்துப் பெறும் ஆற்றல் என்பதே சொல் தரும் பொருளாகும். விறகும் கரியும் எண்ணெயுமே ஆற்றலுக்கு ஊற்றாக இருந்த காலத்துக்கு அது பொருத்தமான சொல்லே. ஆயின், ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாலையில் எதுவும் எரிவதில்லை. எனினும் ‘காற்று எரிசக்தி’ என்று தயக்கமின்றி எழுதுகிறோம். 2024-இல் தமிழ்நாடு அரசு அமைத்த நிறுவனத்தின் பெயரும் பசுமை எரிசக்திக் கழகம் என்றே வழங்குகிறது. பழைய காலத்தின் புகை புதிய சொல்லிலும் படிந்திருக்கிறது எனலாம்.

‘மரபுசாரா எரிசக்தி’ என்னும் தொடர் இன்னும் வியப்புக்குரியது. இந்திய நடுவணரசு 1982-இல் இதற்கெனத் தனித் துறை தொடங்கியபோது அதற்கு மரபுசாரா ஆற்றல் மூலங்களின் துறை என்று பெயரிட்டது. பின்னர் அமைச்சகமாக வளர்ந்த அத்துறை, 2006-இல்தான் புதிய, புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகம் எனப் பெயர் மாறியது. வாடை, கொண்டல், கோடை, தென்றல் எனத் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அறிந்த மொழியில், பருவக்காற்றை நம்பிக் கடல் கடந்து கடாரம் வந்த மக்களின் மொழியில், காற்று மரபு சாராததாகவும் நிலக்கரி மரபு சார்ந்ததாகவும் ஆனது மொழிபெயர்ப்பின் விளைவேயாகும்.

படிம எரிபொருள் என்ற சொல்லும் எண்ணத்தக்கது. தமிழ் இலக்கிய மாணவர்க்குப் படிமம் என்பது கவிதை உறுப்பு. இலங்கைப் பாடநூல் வழக்கான ‘சுவட்டு எரிபொருள்’ இக்குழப்பம் அற்றது. இவை எளிதில் திருத்தக்கூடிய குறைகள். அவ்வளவு எளிதில் திருத்த இயலாத குறை அடுத்து வரும் சொல்லில் உள்ளது.

புதுப்பித்தலின் எழுவாய்

‘புதுப்பித்தல்’ செயப்படுபொருள் குன்றாவினை. உரிமத்தைப் புதுப்பிக்கிறோம், பழைய கோயிலைப் புதுப்பிக்கிறோம். எங்கும் புதுப்பிப்பவர் ஒருவர் இருந்தாக வேண்டும். சூரிய ஒளியை யாரும் புதுப்பிப்பதில்லை. சிங்கப்பூரின் தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021-இல் மிதக்கவிடப்பட்ட 60 மெகாவாட் உச்சத்திறனுள்ள சூரியத் தகடுகள், யாருடைய முயற்சியும் இன்றி நாள்தோறும் வரும் ஒளியைப் பெற்றுக்கொள்கின்றன. சூரியனுக்கும் காற்றுக்கும் இச்சொல் இலக்கணப்படி பொருந்தவில்லை.

செம்பனைக்கோ முற்றிலும் பொருந்துகிறது. செம்பனை ஏறத்தாழ 25 ஆண்டுகளில் பயன் குன்றும். பின்னர் அதனை வெட்டி வீழ்த்தி மறுநடவு செய்தல் வேண்டும். 10 முதல் 14 நாள்களுக்கு ஒருமுறை குலை வெட்ட வேண்டும், உதிரிப்பழம் பொறுக்க வேண்டும், உரமிட வேண்டும். இங்கே புதுப்பிப்பவர் இருக்கிறார். அவர் தோட்டத் தொழிலாளி.

மலேசியாவின் ஆற்றல் மாற்றத்தில் செம்பனைக்குச் சிறப்பான இடமுண்டு. 2006-இல் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை அறிவிக்கப்பட்டது. 2011-இல் டீசலுடன் 5 விழுக்காடு செம்பனை எரிபொருள் கலக்கும் திட்டம் தொடங்கியது. 2019-இல் போக்குவரத்துக்கான கலப்பு 10 விழுக்காடாக உயர்ந்தது. 2020 முதல் 20 விழுக்காட்டுக் கலப்பு படிப்படியாக அறிமுகப்படுத்தப்பட்டது. ஆக, தோட்டத்தில் விளைந்த எண்ணெய் இன்று லாரிகளின் எரிகலனில் ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ என்னும் பெயருடன் எரிகிறது.

இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் சிலாங்கூரில் தொடங்கப்பட்டது. அதன் பெயர் தென்னமரம் தோட்டம். பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது. ரப்பர் விலை சரிந்த 1960-களுக்குப் பின் பல தோட்டங்கள் பால்மரத்தை வீழ்த்திச் செம்பனைக்கு மாறின. நாள்தோறும் விடியலில் வெட்டப்பட வேண்டியது பால்மரம். முறை வைத்து அறுவடை செய்யப்படுவது செம்பனை. எனவே ஒரே பரப்பளவுக்குச் செம்பனைக்குக் குறைந்த ஆள்களே போதுமானவர்களாயினர். அதற்கு முன்னரே தோட்டத் துண்டாடலில் வேலையையும் லயத்து வீட்டையும் இழந்தோர் பலர். துண்டாடலை எதிர்கொள்ளவே துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னாளில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது தொழிலாளர் குடும்பங்கள் நகர்ப்புற விளிம்புகளுக்குப் பெயர்ந்தன.

அவர்கள் விட்டுச்சென்ற பணியில் இன்று பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தோர் ஈடுபட்டுள்ளனர். 2020-இல் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகளைச் சுட்டி, மலேசியாவின் இரு பெரிய செம்பனை நிறுவனங்களின் எண்ணெயைத் தன் துறைமுகங்களில் தடுத்தது. அவற்றுள் ஒன்றன் மீதான தடை 2023-இல் நீக்கப்பட்டது. புதுப்பிப்பவர் யார் என்னும் வினா இலக்கணத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதுவே சான்றாகும்.

நிலமும் இவ்வினாவுக்குள் அடங்கும். கரிச்சதுப்பு நிலத்தை வடித்துச் செம்பனை நடும்போது, பல்லாயிரம் ஆண்டுகளாக அங்குச் சேர்ந்திருந்த கரிமம் காற்றில் கலக்கிறது. மரத்தை மறுபடியும் நடலாம். சதுப்பை அவ்வாறு மீட்க இயலாது. இதனை முன்னிட்டே ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் செம்பனை எரிபொருளை 2030-க்குள் தன் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் கணக்கிலிருந்து விலக்க முடிவு செய்தது. மலேசியா இதனை உலக வாணிக அமைப்பிடம் கொண்டு சென்றது. 2024 மார்ச்சில் வெளிவந்த தீர்ப்பாய அறிக்கை, அத்தகைய விதியை வகுக்கும் ஒன்றியத்தின் உரிமையைப் பெரிதும் ஏற்றது. அதனை நடைமுறைப்படுத்திய முறையில் குறைகளைக் கண்டது. எது ‘புதுப்பிக்கத்தக்கது’ என்ற சொற்பொருள் வழக்கு நாடுகளுக்கிடையிலான வழக்காகவே மாறியது கருதத்தக்கது.

எண்ணிக்கையும் தூய்மையும்

சொல்லின் எல்லையை நகர்த்தினால் எண்ணும் நகரும். 2018-இல் மலேசிய அரசு அறிவித்த 20 விழுக்காட்டு இலக்கில் 100 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்கள் சேர்க்கப்படவில்லை. 2021-இல் வெளிவந்த வழிகாட்டுத் திட்டம் பெரிய நீர்மின் நிலையங்களையும் சேர்த்துக்கொண்டு 2025-க்கு 31 விழுக்காடு என்று இலக்கு வகுத்தது. இந்திய அரசும் 2019 மார்ச்சில் 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்று அறிவித்தது. இவ்வறிவிப்புகளால் புதிதாக ஓர் ஆறும் பெருகிவிடவில்லை. கணக்கில் சேர்வது மட்டுமே மாறியது.

கணக்கில் சேர்ந்த அணைகளுள் சரவாக்கின் பாக்குன் அணை பெரியது. அதன் திறன் 2,400 மெகாவாட். அதன் நீர்த்தேக்கம் ஏறத்தாழ 700 சதுர கிலோமீட்டர்; ஒரு சிங்கப்பூர் அளவு. அதன் பொருட்டுக் காயான், கென்யா முதலிய பூர்வ குடியினர் ஏறத்தாழ 10,000 பேர் சுங்கை ஆசாப் பகுதிக்குப் பெயர்க்கப்பட்டனர். இவ்வணை நிலக்கரியை எரிப்பதில்லை என்பது உண்மை. அதனைத் ‘தூய ஆற்றல்’ என்று எழுதும்போதுதான் இடர் நேர்கிறது. தமிழில் தூய்மை என்பது புகையின்மையை மட்டும் குறிப்பதன்று. தூய உள்ளம், தூய அன்பு என்று அறத்தோடு இணைத்தே அச்சொல்லை ஆள்கிறோம். மூழ்கிய ஊர்களின் மேல் தேங்கிய நீருக்கு அச்சொல்லை வழங்கும்போது, வெளியேறியோர்க்கு நேர்ந்தது குறித்த வினா எழாமலே போகிறது.

ஒரு மறுப்பும் விடையும்

புவி வெப்பமுறும் வேளையில் சொற்களை ஆராய்ந்துகொண்டிருப்பது நிலக்கரிக்குத் துணைபோவதாகும் என்று கூறுவோர் உளர். இம்மறுப்பைப் புறந்தள்ள இயலாது. நிலக்கரி மின் நிலையங்களை 2044-க்குள் முற்றாக நிறுத்துவதாக மலேசிய அரசு அறிவித்திருப்பது வரவேற்கத்தக்கதே. அது தாமதமாவதை இக்கட்டுரை விரும்பவில்லை.

ஆயின், ஆற்றல் மாற்றம் இந்நாட்டுக்குப் புதியதன்று. சிலாங்கூரின் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் 1915 முதல் மலாயாவின் ரயில்களுக்கும் மின் நிலையங்களுக்கும் கரி வழங்கியது. 1937-இல் அங்கு நிகழ்ந்த பெரும் வேலைநிறுத்தம் மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் தனி இடம் பெற்றது. எண்ணெய் மலிவானதும் நிலக்கரியின் தேவை சரிந்தது. 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது. மாற்றம் நிறைவேறியது, சுரங்கத்தை நம்பி வளர்ந்த ஊரோ தன் வாழ்வாதாரத்தை இழந்தது. கரியிலிருந்து எண்ணெய்க்கும், பால்மரத்திலிருந்து செம்பனைக்கும் நேர்ந்த மாற்றங்களில் தொழிலாளியிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அடுத்த மாற்றமும் அவ்வாறே அமையலாகாது எனின், அதைப் பேசும் மொழியில் தொழிலாளிக்கு இடம் இருத்தல் வேண்டும்.

முடிவுரை

ஓர் ஆற்றல் மூலத்தைப் பற்றி எழுதும்போது மூன்று வினாக்களைத் தனித்தனியே கேட்கலாம். அது வற்றுமா? அது எவ்வளவு கரிமத்தை வெளியிடுகிறது? அதன் சுமையை யார் தாங்குகின்றனர்? சூரியனையும் காற்றையும் ‘வற்றா ஆற்றல்’ எனலாம். செம்பனையிலிருந்து பெறுவதை ‘விளை எரிபொருள்’ எனலாம். விளைவிப்பவரும் விளைநிலமும் அச்சொல்லில் மறைவதில்லை. ‘தூய’ என்பதற்கு மாற்றாகக் ‘குறைகரிம’ என்பது போதும். அது அளவைச் சொல்கிறதேயன்றி அறத்தீர்ப்பை வழங்குவதில்லை. பெரிய அணைகளை நீர்மின் நிலையம் என்னும் அவற்றின் சொந்தப் பெயரால் குறிப்பதே நேர்மை.

புழக்கத்தில் வேரூன்றிய சொற்களை ஒரு கட்டுரை மாற்றிவிடாது. அதிகாரப்பூர்வ ஆவணங்களில் ‘புதுப்பிக்கத்தக்க’ என்பது நீடிக்கவே செய்யும். அச்சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர் அதனோடு ஒரு வினாவையும் சேர்த்துக் கற்பிக்கலாம். பசுமைத் தொழில்நுட்பத்தின் நன்மைகளைப் பட்டியலிடும் மாணவனிடம், அவன் எழுதிய வாக்கியத்தின் எழுவாய் எங்கே என்று கேட்பது இலக்கண வகுப்பின் இயல்பான பணியே. புதுப்பிப்பவர் யார் என்று அவன் தேடத் தொடங்கினால், அத்தேடல் பெரும்பாலான மலேசியத் தமிழ் மாணவர்களை இரண்டு அல்லது மூன்று தலைமுறைக்கு முற்பட்ட தோட்டத்து லயம் ஒன்றிற்கே கொண்டு சேர்க்கும்.