குறிப்புச் சட்டமும் கூரிய சிந்தனையும்

முன்னுரை, பொருளுரை, முடிவுரை! மயிலையிலும் அடையாற்றிலும் தமிழ்க் கட்டுரை எழுதும் மாணவர் அறிந்த மும்மூர்த்திகள் இவை. முதலில் குறிப்புச் சட்டம், பின் வரிசையாய்ப் பத்திகள், இடையிடையே மேற்கோள்கள். அமைப்பிலே குறையில்லை. ஆனால், அமைப்பு எதற்காக? எண்ணத்தை ஏற்றிச் செல்லவா? எண்ணமின்மையை மறைக்கவா?

முன்னுரையில் வினா நிற்க வேண்டும். நம் மாணவரோ தலைப்பையே நீட்டி முழக்குகின்றனர். பொருளுரையில் சான்று வேண்டும். அவர்கள் புகழுரை பொழிகின்றனர். முடிவுரையில் முடிவு வேண்டும்; அவர்கள் முன்னுரையைத் திரும்பச் சொல்கின்றனர். கூறியது கூறலும், மற்றொன்று விரித்தலும், சென்று தேய்ந்து இறுதலும் குற்றமென ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்பே நன்னூல் எண்ணி வைத்ததன்றோ?

நல்ல கட்டமைப்பைத் தேடித் தொலைவு செல்ல வேண்டா. தியாகராய நகருக்குப் பெயர் தந்த பி. தியாகராயர் 1916 டிசம்பரில் வெளியிட்ட பார்ப்பனரல்லாதார் அறிக்கையைப் பிரித்துப் பாருங்கள். தன்னாட்சிக் கிளர்ச்சி எழுந்த வேளையில், நம் நிலை யாது என்பதே அதன் தொடக்கம். அடுத்து ஆரவாரமில்லை, எண்கள்! 1892 முதல் 1904 வரை மாகாணப் பணிக்கான போட்டித் தேர்வில் வென்றோர் 16 பேர். அவருள் பார்ப்பனர் 15 பேர். 1913-இல் மாவட்ட முன்சீப்புகள் 128 பேர். அவருள் பார்ப்பனர் 93 பேர். இறுதியிலோ, கல்வியிலும் அமைப்பிலும் முன்னேறுக என்ற கடமை பிறக்கிறது. அதன் முடிவை ஏற்காதவரும் அதன் எண்களுக்கு விடை சொல்லியாக வேண்டும். கட்டமைப்பின் வலிமை அதுவே!

குறிப்புச் சட்டத்தைக் கொளுத்துங்கள் என்கிறோமா? இல்லை. வீட்டில் ஏடில்லாத, முதல் தலைமுறையாய் எழுதுகோல் பிடிக்கும் பிள்ளைக்கு அது ஊன்றுகோல். ஊன்றுகோல் நடக்க உதவும், நடந்து தராது. மனப்பாடக் கட்டுரைக்கு மதிப்பெண் கிட்டலாம். மறுத்துப் பேசுவோன் எதிரே வந்தால் மனப்பாடம் வாயடைத்து நிற்கும். அன்று தோற்பது மாணவர் மட்டுமல்ல; அவர் நம்பிய கொள்கையுமே.

எனவே, இளந்தோழர்களே! எழுதுமுன் நான்கு கேளுங்கள். நான் நாட்டும் கருத்து யாது? அதற்குச் சான்று யாது? மறுப்போர் உரைப்பது யாது? அவர்க்கு என் விடை யாது? இந்நான்கும் தெளிந்த பின் சட்டம் வரையுங்கள். அப்போது உங்கள் முடிவுரை, மணியடித்ததால் முடிந்த உரையாக இராது. முடிவு கண்ட உரையாக இருக்கும்!