காசோலையின் அடிவரி

சென்னையில் எழுதிய காசோலையையும் யாழ்ப்பாணத்தில் எழுதிய காசோலையையும் பக்கம் பக்கமாக வைத்து, அடியில் காந்த மையில் ஓடும் எண்களைப் பாருங்கள். இந்தியக் காசோலையில் காசோலை எண்ணை அடுத்து ஒன்பது இலக்கங்கள்: ஊருக்கு மூன்று, வங்கிக்கு மூன்று, கிளைக்கு மூன்று. ஊர் எண் பின்கோடின் தொடக்கத்தையே பின்பற்றுவதால் 600 சென்னை, 625 மதுரை என்று தபால்காரரே சொல்லிவிடுவார். இலங்கையில் ஏழு இலக்கங்களே போதும்: வங்கிக்கு நான்கு, கிளைக்கு மூன்று. ஊருக்குத் தனி எண் இல்லை.

அந்த வங்கி எண்ணில் ஒரு கணக்கு இருக்கிறது. இலங்கை வங்கி 7010, மக்கள் வங்கி 7135, ஹற்றன் நஷனல் வங்கி 7083. ஏன் 7001, 7002 என்று போகாமல் இப்படித் தாவுகின்றன? முதல் இலக்கத்தை ஏழாலும் இரண்டாவதை மூன்றாலும் பெருக்கி, மற்ற இரண்டையும் அப்படியே கூட்டுங்கள். 7010க்கு 50 வருகிறது. மற்ற இரண்டுக்கும் 60. நான் போட்டுப் பார்த்த வங்கிகள் எல்லாவற்றிலும் விடை பூஜ்யத்தில்தான் முடிகிறது. அதாவது நான்காவது இலக்கம் மற்ற மூன்றுக்கும் காவல்காரன். ஏதாவது ஓர் இலக்கம் தப்பினால் கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் இந்தக் காவல்காரன் ஓர் இடத்தில் அசந்துவிடுகிறான். கடைசி இரண்டு இலக்கங்களையும் பெருக்காமல் கூட்டுவதால், அவை இடம் மாறினாலும் விடை மாறாது. சம்பத் வங்கி 7278. கடைசி இரண்டையும் மாற்றிப் போட்டால் 7287, அது செலான் வங்கி! 7083ஐ மாற்றினால் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியின் 7038. செல்போன் செயலியில் வங்கியின் பெயரைத் தொட்டுத் தேர்ந்தெடுப்பவருக்கு இந்த வம்பு இல்லை. சம்பளப் பட்டியலில் எண்ணைக் கையால் தட்டும் கணக்குப்பிள்ளைதான் கண்ணை விரித்து வைத்திருக்க வேண்டும்.

பணத்தை மின்வழியில் அனுப்ப இந்தியா வேறு குறியீட்டை வைத்திருக்கிறது. நெஃப்ட் படிவத்தில் நாம் நிரப்பும் ஐ.எஃப்.எஸ்.சி. பதினோரு எழுத்து நீளம். முதல் நான்கும் வங்கியின் பெயரிலிருந்து வருபவை: ஸ்டேட் வங்கிக்கு எஸ்.பி.ஐ.என்., இந்தியன் வங்கிக்கு ஐ.டி.ஐ.பி. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், பின்னாளைய தேவைக்கென்று ஒதுக்கியது. கடைசி ஆறு கிளைக்கு. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து ஆங்கில 'ஓ' எழுத்தைப் போடுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும் அந்த இடத்தில் இலங்கையைப் போல ஒரு சரிபார்ப்பு இலக்கத்தை வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

பெயரைக் குறியீட்டில் பொதிந்தால் நினைவில் நிற்கும். பெயர் போனால் குறியீடும் போகும். கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது. எல்.ஏ.வி.பி. என்று தொடங்கிய குறியீடுகள் 2022இல் செல்லாமல் போயின; வாடிக்கையாளர்கள் டி.பி.எஸ்.எஸ். என்று தொடங்கும் புதியவற்றுக்கு மாறினார்கள். காசோலைப் புத்தகமும் மாற்ற வேண்டியிருந்தது. 7083 என்ற எண்ணில் யாருடைய பெயரும் இல்லை. பலகை மாறினால்கூட எண் அப்படியே இருக்கலாம்.

இரண்டு நாட்டிலும் கிளை எண்ணின் பிடி தளர்ந்துவிட்டது. காசோலைத் தாளே ஊர் ஊராகப் பயணம் செய்த காலத்தில் அது எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்று சொல்ல அந்த எண் வேண்டும். இலங்கை 2006 மே மாதத்திலேயே தாளை நிறுத்திப் படத்தை அனுப்பத் தொடங்கியது. தெற்காசியாவில் அதுதான் முதல். சென்னைக்கு அந்த ஏற்பாடு வர 2011 ஆனது. இன்று ஒரு வங்கியின் கிளைகள் எல்லாம் ஒரே கணினி வலையில் இருப்பதால், கணக்கு எண்தான் பணத்தை வழிநடத்துகிறது.

ஆபத்தும் அங்கேதான். இந்தியாவில் நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். பணத்தைக் கணக்கு எண்ணை மட்டும் பார்த்தே வரவு வைக்கலாம். பெயர் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. பெறுபவரின் பெயரை அனுப்பும் முன்பே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தரும்படி ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. இணைய வங்கியில் புதிய கணக்கைச் சேர்க்கும்போது அந்தப் பெயர் திரையில் வரும். படித்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.