திரையில் பாடம், திருத்த யார்?

கடலூரிலோ சிதம்பரத்திலோ தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவருக்கு இன்று நூல் பஞ்சம் இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001இல் உருவாகி இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று வழங்கும் நிறுவனமும் சங்க இலக்கியத்தைக் கைப்பேசிக்கே கொண்டுவந்துவிட்டன. ஒரு சொல் எந்தெந்தப் பாடலில் வருகிறது என்று அறியச் சொல்லடைவைப் புரட்டிக்கொண்டிருந்த காலம் போய், தேடினால் உடனே கிடைக்கிறது. நூலகம் எட்டாத ஊரிலிருந்து பேருந்தேறி வரும் பிள்ளைக்கு இது பேருதவி. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் நூல் கைக்கு வருவது வேறு, மொழி கைவருவது வேறு. 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியில் முதல்வராக இருந்த உ.வே.சாமிநாதையர், ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களை அடிக்குறிப்பில் தந்தவர். இணையத்தில் உலவும் பிரதிகள் பலவற்றில் மூலம் மட்டுமே இருக்கிறது; அடிக்குறிப்பு இல்லை. திரையில் கண்டதே முடிந்த பாடம் என்று மாணவர் நம்பிவிடுகிறார். இலக்கியம் படிப்பவருக்கு இது பெரிய இழப்பு.

யாப்பைப் பாருங்கள். அவலோகிதம் என்ற மென்பொருளில் ஒரு வெண்பாவை உள்ளிட்டால் அசை, சீர், தளை எல்லாம் பிரித்துக் காட்டும். அருமையான கருவி. ஆனால் தளை தட்டாத வெண்பாவிலும் ஓசை கட்டையாக நிற்பதுண்டு. மாணவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, “மூணாவது சீர் இடறுது, வேற சொல் போட்டுப் பாருப்பா” என்று ஆசிரியர் சொல்லும்போதுதான் செப்பலோசை காதில் ஏறுகிறது. உச்சரிப்பும் அப்படித்தான். காணொளி ஆசிரியர் ‘பழம்’ என்று திருத்தமாகச் சொல்வார்; கேட்பவர் ‘பளம்’ என்று திருப்பிச் சொன்னாலும் காணொளி அடுத்த சொல்லுக்குப் போய்விடும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. அச்சிட்ட பாடங்களோடு தொடர்பு வகுப்புகளும் அந்த முறையில் உண்டு. வீட்டில் படித்ததில் எழுந்த ஐயத்தை ஆசிரியரிடம் நேரில் கேட்க அங்கே ஓர் இடம் இருந்தது. வெறும் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பாடம் முடிந்தது என்பவர்கள் விட்டுவிட்டது அந்த இடத்தைத்தான்.

ஆகவே, இணையப் பாடம் உதவுகிறது. திருத்த ஓர் ஆசிரியர் இருக்கும் மாணவருக்கு மிகுதியாக உதவுகிறது. மாணவருக்கு இணைப்பு அனுப்பும் கல்லூரிகள், அவர் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்க வாரம் ஒரு மணி நேரத்தையாவது கால அட்டவணையில் ஒதுக்க வேண்டும்.