காப்பாட்சியர் வைத்த பெயர்: ஜே. சுவாமிநாதனும் ஒரு பச்சைமலைக் குறிப்பேடும்

1

என் எம்.ஏ. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இப்படி ஒரு வரி உண்டு: 'தகவலாளி 7, பெண், வயது 65 (தோராயமாக), மலையாளி, பச்சைமலை.' மலையாளி என்றால் கேரளத்துக்காரர் அல்லர். பச்சைமலை, கொல்லிமலை, சேர்வராயன் மலைகளில் வாழும், தமிழ் பேசும் பழங்குடியினர். துறையூரில் பஸ் பிடித்து டாப் செங்காட்டுப்பட்டி போய், அங்கிருந்து ஒரு மணி நேரம் நடந்து, மரவள்ளிக்கிழங்கு பிடுங்கிப் போட்டிருந்த ஒரு வாசலில் உட்கார்ந்து நான் பதிவு செய்த பதினொரு பாட்டுகளுக்கு உரியவர் அந்தத் 'தகவலாளி 7'. பாடிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, "இது எங்க ஆத்தா கட்டுனது. இந்தக் கடைசி ரெண்டடி மட்டும் நான் போட்டது தம்பி" என்றார். அது பதிவில் இருக்கிறது. ஆய்வேட்டில் இல்லை. ஆய்வேட்டில், 'ஆசிரியர் பெயர் அறியப்படாத, வாய்மொழியாக வழங்கிவரும் பாடல்கள்' என்று எழுதினேன். அப்படித்தான் எழுதணும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நானும் கேள்வி எதுவும் கேட்கவில்லை. மார்க் நன்றாகவே வந்தது.

எதிரில் உட்கார்ந்து 'நான் போட்டது' என்று ஒருவர் சொல்லும்போதே, அவரை ஆசிரியர் இல்லாதவராக ஆக்குவதற்கு ஒரு முறையியல் தேவைப்படுகிறது. அந்த முறையியலை எதிர்த்து, அரசாங்கச் சம்பளத்தில், ஓர் அருங்காட்சியகத்துக்குள்ளேயே இருந்துகொண்டு வேலை செய்தவர் ஜக்தீஷ் சுவாமிநாதன் (1928–1994). அவருடைய வேலையை இங்கே மதிப்பிடப் பார்க்கிறேன். புகழுரை என் நோக்கமில்லை. அந்த வேலை எங்கே போய் நின்றது என்பதும் நமக்குத் தேவையான பாடம்தான்.

2

சுவாமிநாதன் சிம்லாவில் பிறந்தவர், தமிழ்க் குடும்பம். இதைச் சொன்னதுமே 'நம்மவர்' என்று உரிமை கொண்டாடும் ஆசை நம்மில் பலருக்கு வந்துவிடும். அதில் அர்த்தமில்லை. அவருடைய வாழ்க்கையும் வாதங்களும் இந்தி, ஆங்கிலச் சூழல்களிலேயே நடந்தன. தமிழ் ஓவியச் சூழலோடு அவருக்கிருந்த தொடர்பு குறைவு. மருத்துவப் படிப்புக்கான முதல் கட்டத்திலேயே அதை விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்கு ஓடிப்போனவர். காங்கிரஸ் சோஷலிஸ்டுகளோடு இருந்து, பிறகு கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்து, அதிலிருந்தும் வெளியேறியவர். பத்திரிகையாளர், கலை விமர்சகர். ஓவியராக அறியப்பட்டது இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.

1962இல் குஜராத்தின் பாவ்நகரில் பன்னிரண்டு பேர் கூடி 'குரூப் 1890' என்ற குழுவைத் தொடங்கினார்கள். 1890 என்பது அவர்கள் கூடிய வீட்டின் கதவு எண், அவ்வளவுதான். சென்னையிலிருந்து ரெட்டப்ப நாயுடு அதில் இருந்தார். 1963இல் டெல்லியில் நடந்தது அக்குழுவின் ஒரே கண்காட்சி. நேரு திறந்து வைத்தார். அப்போது மெக்சிகோவின் தூதராக இருந்த கவிஞர் ஆக்டேவியோ பாஸ் கையேட்டுக்கு முன்னுரை எழுதினார். ரவிவர்மாவின் இயற்பண்புவாதம் வேண்டாம், வங்காளப் பள்ளியின் கிராமியக் கனவு வேண்டாம், ஐரோப்பாவைப் பார்த்துப் போடும் நகலும் வேண்டாம் என்றது அவர்களுடைய அறிக்கை. 1966இல் 'கான்ட்ரா' என்ற சிறுபத்திரிகையையும் சுவாமிநாதன் நடத்தினார். சில இதழ்களோடு நின்றுபோனது. சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு இந்தக் கதை புதிதல்ல.

இந்தப் பின்னணியை ஒரு காரணத்துக்காகச் சொல்கிறேன். கலை பழமையிலிருந்து நவீனத்துக்குப் படிப்படியாக 'முன்னேறி' வருகிறது என்ற கதையாடலை அவர் அறுபதுகளிலேயே மறுக்கத் தொடங்கிவிட்டார். ஆகவே ஆதிவாசிக் கலை பற்றி அவர் பின்னால் எடுத்த நிலைப்பாடு, பதவி வந்தபிறகு தோன்றிய கரிசனம் அல்ல.

3

1982 பிப்ரவரி 13இல் போபாலின் ஏரிக்கரையில் பாரத் பவன் திறக்கப்பட்டது. கட்டடத்தை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. நிறுவனத்தை முன்னின்று உருவாக்கியவர் மத்தியப் பிரதேச அரசின் அதிகாரியும் இந்திக் கவிஞருமான அசோக் வாஜ்பாயி. அதற்குள் அமைந்த 'ரூபங்கர்' நுண்கலை அருங்காட்சியகத்துக்கு சுவாமிநாதன் முதல் இயக்குநர். 1990 வரை அங்கே இருந்தார்.

திறப்பதற்கு முன்பே இளம் ஓவியர்களையும் மாணவர்களையும் குழுக்களாகப் பிரித்து மத்தியப் பிரதேசத்தின் உள்கிராமங்களுக்கு அனுப்பினார். மானிடவியலாளர்களை அனுப்பவில்லை, ஓவியர்களை அனுப்பினார் என்பதைக் கவனிக்க வேண்டும். அப்படிப் போன ஒரு குழு பட்டன்கர் என்ற ஊரில் ஒரு வீட்டுச் சுவரில் இருந்த உருவத்தைப் பார்த்து, வரைந்தவரைத் தேடிப் போனது. அவர்தான் இருபது வயதையொட்டிய ஜன்கர் சிங் சியாம். கோண்டு மக்களில் பர்தான் பிரிவு. வெரியர் எல்வின் ஒருகாலத்தில் வாழ்ந்து, ஆய்வுசெய்து, உலகுக்குச் சொன்ன அதே பட்டன்கர். எல்வின் வழியாக உலகம் அறிந்தது 'கோண்டு'களை. சுவாமிநாதன் வழியாக அறிந்தது ஜன்கரை. இரண்டுக்குமுள்ள வித்தியாசம்தான் என் கட்டுரையின் மையம்.

பீல் பழங்குடியைச் சேர்ந்த பூரி பாய் பாரத் பவன் கட்டுமானத்தில் மண் சுமந்துகொண்டிருந்தவர். நாள்கூலி என்னாகுமோ என்ற தயக்கத்தோடு இருந்தவரை அங்கேயே உட்காரவைத்து வரையச் சொன்னார் சுவாமிநாதன். 2021இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

இதோடு நம் பக்கத்தில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தவர். 1909இல் வெளியான அவருடைய ஏழு தொகுதிகளில் மலையாளிகளும் உண்டு. காஞ்சியிலிருந்து வந்த சகோதரர்கள் மூவர் மூன்று மலைகளில் குடியேறிய கதையும் உண்டு. அதைச் சொன்னவர் யார்? அந்தச் சொல்லாடலில் பேசுபவனுக்குப் பெயர் கிடையாது, இனம் மட்டுமே உண்டு. என் 'தகவலாளி 7' தர்ஸ்டனின் பேத்திதான். நாற்காலியில் இருந்தவன் மாறினான், நோட்டில் எழுதும் முறை மாறவில்லை.

ஆதிவாசி நம் கடந்தகாலம் அல்ல, நம் சமகாலம் என்பது சுவாமிநாதனின் வாதம். ஒரே நேரத்தில் வாழும் பண்பாடுகளுக்கு ஒரே அளவு செல்லுபடி உண்டு என்றார். 1987இல் ரூபங்கர் சேகரிப்பைப் பற்றி அவர் வெளியிட்ட 'தி பெர்சீவிங் ஃபிங்கர்ஸ்' நூலும் இந்த அடிப்படையில் எழுந்ததுதான். இதைத் தத்துவமாகச் சொல்வது எளிது. ஓர் அருங்காட்சியகத்தில் அதைச் செய்வதற்கு ஒரே வழி, படத்துக்குக் கீழே இனத்தின் பெயரோடு ஆளின் பெயரையும் எழுதிவைப்பது. அவர் எழுதிவைத்தார்.

இதற்கு நம் நண்பர்கள் சிலர் சொல்லும் மறுப்பு எனக்குத் தெரியும். 'ஆசிரியன்' என்பதே முதலாளிய, தனிமனிதவாதக் கருத்தாக்கம். நாட்டார் கலை கூட்டுப்படைப்பு. அதில் பெயர் ஒட்டுவது வன்முறை என்பார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் இதைச் சொல்கிறவர் தொகுத்த நாட்டுப்பாடல் நூலின் அட்டையில் யார் பெயர் இருக்கிறது? ஆசிரியன் இறந்துவிட்டான் என்று நாம் பிரான்சிலிருந்து கேட்டுவந்து சொன்னபோது, ஆசிரியராகப் பிறக்கவே அனுமதிக்கப்படாதவர்கள் மலையில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

4

இனி மறுபக்கம்.

முதலாவது, ரூபங்கரில் நகர்ப்புற நவீன ஓவியங்களும் ஆதிவாசி, நாட்டார் படைப்புகளும் ஒரே கூரையின் கீழ் வந்தன. ஆனால் இரண்டு கூடங்களில். சமகாலம் என்று சொன்னவரே நடுவில் ஒரு சுவரை விட்டுவைத்தார். ஜன்கர் எந்தக் கூடத்துக்கு உரியவர் என்பதை ஜன்கர் தீர்மானிக்கவில்லை.

இரண்டாவது, பர்தான்கள் மரபாகப் பாடகர்கள். பானா என்ற நரம்புக்கருவியை இசைத்துக் கோண்டு புரவலர்களுக்கு அவர்களின் குலக்கதையைப் பாடுவது அவர்கள் தொழில். இன்று கடைகளில் 'தொன்மையான கோண்டு ஓவியம்' என்று விற்கப்படும் அந்தப் புள்ளியும் கோடும் நிரம்பிய பாணி, எண்பதுகளில் போபாலில், தாளும் வண்ணமும் கைக்குக் கிடைத்தபின் ஜன்கர் உருவாக்கியது. அவர் வீட்டுக்கு வந்து தங்கிய உறவினர்கள் அவரிடம் கற்றுப் பரவியது. தாளைக் கொடுத்த கை ஒரு மரபையே பிறப்பித்துவிட்டது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு தனிமனிதனின் கண்டுபிடிப்பைச் சந்தை மறுபடியும் பெயரற்ற தொன்மையாக மாற்றிக்கொண்டதே, சுவாமிநாதன் எழுதிவைத்த பெயருக்கு நேர்ந்த கதி அதுதான்.

மூன்றாவது, அரசு. 1984 டிசம்பர் 2–3 இரவில் அதே போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 1990இல் கட்டி முடிக்கப்பட்ட பர்கி அணை நர்மதைக் கரையின் கோண்டு கிராமங்களையும் மூழ்கடித்தது. ஆதிவாசியின் கோட்டைச் சுவரில் மாட்டிய அரசு, அவன் வீட்டுச் சுவரைத் தண்ணீருக்குள் விட்டது. இதற்குச் சுவாமிநாதனைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் அந்த அரசின் கூரைக்குக் கீழே நின்று பேசிய பேச்சுக்கு எவ்வளவு தூரம் போக முடியும் என்ற கேள்வியை விட்டுவிடவும் முடியாது.

நான்காவது, ஜன்கரின் முடிவு. 1989இல் பாரிஸின் பொம்பிடு மையத்தில் ழான்-ஊபர் மார்த்தேன் அமைத்த 'பூமியின் மந்திரவாதிகள்' கண்காட்சியில் ஜன்கர் இடம்பெற்றார். உலகின் பெரிய ஓவியர்களுக்குச் சமமாக வைத்தார்கள், ஆனால் தலைப்பில் 'மந்திரவாதி' ஆக்கிவிட்டார்கள். 2001 ஜூலையில் ஜப்பானின் நீகாட்டா பகுதியில், வரைவதற்காகத் தங்கியிருந்த ஓர் அருங்காட்சியகத்தில் தூக்கிட்டு இறந்து கிடந்தார். நாற்பது வயதையொட்டி இருக்கும். ஊருக்குத் திரும்பத் தவித்தார் என்று செய்திகள் வந்தன. இங்கே கலைஞர்கள் விசாரணை கேட்டுக் குரல் எழுப்பினார்கள். அந்த மரணத்தின் காரணத்தை இங்கிருந்து தீர்ப்பாகச் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். ஓர் அருங்காட்சியகத்தில் தொடங்கிய அவருடைய ஓவிய வாழ்க்கை இன்னொரு அருங்காட்சியகத்தில் முடிந்தது. பெயர் கிடைத்தது, எங்கே, எத்தனை நாள், என்ன கூலிக்கு வரைவது என்பதைத் தீர்மானிக்கும் பலம் அந்தப் பெயரோடு சேர்ந்து கிடைக்கவில்லை. போபாலுக்குப் பிறகு மண்நிறங்களுக்கும் ஆதிவாசிக் குறிகளுக்கும் மாறிய சுவாமிநாதனின் ஓவியங்கள் இன்று ஏலங்களில் கோடிகளில் போகின்றன. ஜன்கரின் விலை அந்த உயரத்தை எட்டவில்லை.

5

இதையெல்லாம் சொல்லிவிட்டு, 'பார்த்தாயா, பெயர் எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை' என்று முடித்துவிடுவது நமக்கு வசதி. ஏனென்றால் நாம் அந்த முதல் படியிலேயே ஏறவில்லை.

திருச்சியில் அரசு அருங்காட்சியகம் ராணி மங்கம்மாள் மஹாலில் இருக்கிறது. ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் உள்ள கூடத்தில் நாயக்கர் காலத் தந்தச் சிற்பங்கள் இருக்கின்றன. இவர் மன்னர், இவர் அரசி என்று அடையாளம் சொல்கிறார்கள். செதுக்கியவர் பெயர் இல்லை. அது அந்தக் காலம் என்று விட்டுவிடலாம். நம் காலத்தில்? 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலத்தின் நவீனம், ஜாதகக்கட்டத்திலிருந்தும் கிராமத்து உருவங்களிலிருந்தும் எவ்வளவோ எடுத்துக்கொண்டது. அந்த உருவங்களைச் செய்த கைகளில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? பஜ்ஜு சியாமின் 'லண்டன் ஜங்கிள் புக்'கை 2004இல் வெளியிட்டது சென்னையிலுள்ள தாரா பதிப்பகம். அட்டையில் அவர் பெயர் இருந்தது. போபாலிலிருந்து வந்தவருக்குச் செய்ய முடிந்ததை, துறையூரிலிருந்து மலையேறிப் போய் நம்மால் செய்ய முடியவில்லை.

நம் அருங்காட்சியகத் துறையில் பதவிப் பெயர் 'காப்பாட்சியர்.' காப்பும் ஆட்சியும் ஒரே சொல்லில். மெட்ராஸ் சனங்கள் அருங்காட்சியகத்துக்கு வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. அந்தக் கேலியில் ஒரு விமர்சனம் இருக்கிறது: உள்ளே போனால் செத்தது என்று அர்த்தம். சுவாமிநாதன் அந்தக் கேலியைப் பொய்யாக்கப் பார்த்தவர். பாதி வெற்றி பெற்றார். மீதிப் பாதி அவர் கையில் இல்லை. அது சேகரிக்கப்படுபவர்கள், சேகரிப்பவனைப் பார்த்துக் கணக்குக் கேட்கத் தொடங்கும்போதுதான் நடக்கும்.

போன வருஷம் அதே வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா இல்லை, இறந்துவிட்டிருந்தார். பேத்தி இருந்தார், கீழே காலேஜில் படித்தவர். பதிவை என் போனில் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். 'இந்த ரெண்டடி நான் போட்டது' என்ற இடம் வந்ததும் மறுபடி போடச் சொன்னார். பெயரைக் கேட்டேன். சொன்னார். இந்தக் கட்டுரையில் எழுதலாமா என்று கேட்டேன். "இத்தனை வருஷம் கழிச்சு இப்ப பேரு எதுக்கு சார்? பாட்ட நீங்க வச்சிருக்கீங்க. அத முதல்ல எங்ககிட்ட குடுங்க. பேரப் போடுறதா வேணாமான்னு வீட்ல பேசிட்டு நாங்க சொல்றோம்" என்றார்.

பதினொரு பாட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன். பதில் இன்னும் வரவில்லை. ஆகவே அந்தப் பெயர் இங்கே இல்லை. போனமுறை இல்லாததற்கு நான் கேட்காதது காரணம். இந்தமுறை, அவர்கள் இன்னும் சம்மதிக்காதது.