திருகோணமலையில் டிப்ஸ்: யாருக்கு, எதற்கு, எவ்வளவு?

உப்புவெளிக் கடற்கரை ஹோட்டல்களில் சாப்பிட்டு முடித்ததும் வரும் பில்லைச் சற்று ஊன்றிப் படிப்பது நல்லது. உணவு விலைக்குக் கீழே பெரும்பாலும் பத்து வீதச் சேவைக் கட்டணம் இருக்கும். வரிக்குப் பதிவான இடமென்றால் 18 வீதப் பெறுமதி சேர் வரியும் இருக்கும். ஐயாயிரம் ரூபாவுக்குச் சாப்பிட்டவர் சேவைக்கென்று ஐந்நூறு ரூபாவை ஏற்கெனவே கட்டிவிட்டார். அதைக் கவனிக்காமல் பில்லோடு இன்னொரு ஐந்நூறை வைத்துவிட்டு எழுந்து போகிறவர்கள் உண்டு. அதே ஆள் மறுநாள் காலை நிலாவெளியில் புறாத்தீவுப் படகிலிருந்து இறங்குவார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, அலை இழுக்காமல் படகைப் பிடித்துக்கொண்டு, கூட வந்த வயதான அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிவிடும் பையனுக்கு ஒரு சதமும் கொடுக்காமல் நடந்துவிடுவார். அங்கே பில் நீட்டுவதற்கு யாருமில்லை.

டிப்ஸ் கொடுக்கலாமா கூடாதா என்ற பழைய விவாதம் இங்கே பெரிதாக உதவாது. கொடுக்கும் காசு எந்தக் கைக்குப் போகிறது, எந்த வேலைக்காகப் போகிறது என்று பார்த்தால்தான் இந்த வழக்கத்தின் நன்மையும் கேடும் பிடிபடும்.

நன்மையை முதலில் சொல்லிவிடலாம். திருகோணமலையில் சுற்றுலா ஒரு பருவத் தொழில். மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். பிறகு வடகீழ்ப் பருவக்காற்றும் மழையும் வந்துவிட்டால் படகுகள் கரையேறிவிடும். சில மாதச் சம்பாத்தியத்தை வைத்து வருடம் முழுவதும் குடும்பம் ஓடவேண்டும். படகுச் சவாரியைப் பல பயணிகள் ஹோட்டல் மூலமோ தரகர் மூலமோ பேசிக்கொள்கிறார்கள். அப்போது ஒரு பங்கு கொமிஷனாக நடுவிலேயே நின்றுவிடுகிறது. படகு வேறொருவருடையது என்றால் வாடகையும் எரிபொருளும் கழிந்த மிச்சம்தான் ஓட்டியவருக்கு. இடையில் யாரும் கைவைக்காமல் அன்றைக்கே உழைத்தவரிடம் சேரும் காசு டிப்ஸ் ஒன்றுதான். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல், கொரோனா, 2022 பொருளாதார நெருக்கடி என்று அடிமேல் அடி வாங்கிய தொழிலில் அந்தக் காசின் பெறுமதி சின்னதல்ல.

இனிக் குறைகள். முதலாவது, டிப்ஸ் சம்பளத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதன் முற்றிய வடிவம் அமெரிக்காவில் இருக்கிறது. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு மத்திய அரசு விதித்த அடிப்படைக் கூலி 1991 முதல் மணிக்கு 2.13 டொலர்தான். மீதி பெரும்பாலும் வாடிக்கையாளரின் மனசைப் பொறுத்தது. இலங்கையில் சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. 2025 ஏப்ரலில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவானபோது டிப்ஸ் வாங்குபவருக்கும் அதுதான் பொருந்தியது. ஆனாலும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, "டிப்ஸும் வரும்தானே" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைத்துப் பேசும் முதலாளிமார் இல்லாத ஊர் எது?

இரண்டாவது, டிப்ஸ் கண்ணுக்குத் தெரிகிறவருக்கே கிடைக்கும். தட்டை நீட்டிய வெயிட்டருக்கு நோட்டு கிடைக்கிறது. மீனைச் சுத்தம் செய்து பொரித்தவருக்கும், கட்டில் விரிப்பைத் துவைத்துப் போட்டவருக்கும் ஒன்றுமில்லை. இந்த ஒரு விடயத்தில் சேவைக் கட்டணம் மேலானது. ஒழுங்காக நடக்கும் ஹோட்டல்களில் அது பொதுவில் சேர்ந்து, சமையலறை முதல் காவலாளி வரை மாதாமாதம் பங்கிடப்படும். பங்கிடாத இடத்தில் அது இன்னொரு பெயரில் வாங்கும் விலை, அவ்வளவுதான். பிரித்தானியா 2024 ஒக்டோபர் 1 முதல் டிப்ஸையும் சேவைக் கட்டணத்தையும் முழுமையாக ஊழியருக்கே கொடுக்கவேண்டும் என்று சட்டமாக்கியது. இந்தியாவில் உணவகங்கள் கேளாமலே பில்லில் சேவைக் கட்டணம் சேர்க்கக்கூடாது என்ற நுகர்வோர் அதிகார சபையின் 2022 அறிவுறுத்தலை, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் சரியென்றது.

மூன்றாவது குறை மிகக் கேடானது. டிப்ஸ் சில வேளை விதியை மீறுவதற்கான கூலியாகிவிடுகிறது. திமிங்கிலம் பார்க்கப் போகும் படகு அதற்கு நூறு மீற்றருக்குள் நெருங்கக்கூடாது என்று 2012 முதல் விதி இருக்கிறது. "இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்கோ தம்பி, பார்த்துச் செய்யலாம்" என்று ஒரு பயணி சொன்னால், விதியை மதிக்கும் ஓட்டி நட்டப்படுகிறார், மிதிப்பவர் சம்பாதிக்கிறார். 2003இல் தேசியப் பூங்காவான புறாத்தீவில் பவளப்பாறைமேல் ஏறி நின்று படம் எடுக்க விட்டவருக்குக் கூடுதல் காசு என்றால், அடுத்த வருடம் பார்க்கப் பாறை மிஞ்சாது. டிக்கெட் கவுண்டரிலோ, வனசீவராசிகள் உத்தியோகத்தரிடமோ, பொலிஸாரிடமோ காரியம் நடக்க நீட்டும் நோட்டுக்கு டிப்ஸ் என்ற பெயர் பொருந்தாது. அது இலஞ்சம். 2023 ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் கொடுப்பவருக்கும் குற்றம்.

நான்காவது, புலம்பெயர்ந்த நம்மவரைப் பற்றியது. ரொறன்ரோவில் பில்லில் பதினைந்து, இருபது வீதம் வைத்துப் பழகியவர்கள் அதே கணக்கை இங்கேயும் கொண்டுவருகிறார்கள். தாராளம் நல்லதுதான். ஆனால் ஓட்டோக்காரரோ படகுக்காரரோ அதையே எதிர்பார்க்கப் பழகிவிட்டால், கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் பிள்ளைகளோடு கடல் பார்க்க வரும் குடும்பம் வரிசையில் பின்னுக்குப் போகும். இன்னும் சிலர் பையில் மிஞ்சிய பவுண், யூரோ நாணயங்களைக் கொடுப்பார்கள். வங்கியில் வெளிநாட்டுத் தாளை மாற்றலாம், நாணயத்தை மாற்றமுடியாது. வாங்கியவருக்கு அது வெறும் உலோகம்.

அப்படியானால் எவ்வளவு? பில்லின் வீதத்தை விட நாட்கூலி நல்ல அளவுகோல். சட்டப்படி குறைந்தபட்ச நாட்கூலி 2025 ஏப்ரலில் 1,080 ரூபாவானது. ஒரு படகில் போன ஐந்தாறு பேர் சேர்ந்து ஆயிரம் ரூபா கொடுத்தால், படகைப் பிடிக்கும் பையனுக்கு இன்னொரு நாள் சம்பளம் கிடைத்த மாதிரி. ஒருவரே ஐயாயிரம் கொடுப்பது நாலைந்து நாள் கூலி. ஓட்டோவில் முன்கூட்டியே பேசிய காசு போதும். கோணேசர் கோயிலடியில் வெயிலில் காத்துநின்றாலோ, பெட்டி தூக்கினாலோ மேலே கொஞ்சம் கொடுக்கலாம். கோயிலில் தட்டில் வைப்பது பக்தி, அதை இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம். அறை துப்புரவு செய்பவருக்கு அன்றன்றைக்கே கொடுப்பது நல்லது, கடைசி நாளில் வேறொருவர் வேலையில் இருக்கக்கூடும். சேவைக் கட்டணம் போடாத சின்னச் சாப்பாட்டுக் கடையில் மீதிச் சில்லறையை விட்டு வந்தால் போதும்.

என் முடிவு இதுதான். பில்லுக்கு வெளியே நிற்கும் உழைப்புக்கு டிப்ஸ் நியாயம். சம்பளத்துக்கு அது ஈடாகாது, விதியை வளைக்க அது கூடவே கூடாது. சேவைக் கட்டணம் கட்டும் இடத்தில், "இது முழுக்க உங்கள் ஊழியருக்குப் போகிறதா?" என்று முகாமையாளரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வரும். தனியாகக் கொடுக்கும் ஐந்நூறு ரூபாவைவிட அந்தக் கேள்வி கூடுதல் பேருக்குப் பயன்படும்.