அனாமத்துக் கணக்கு

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலம், பாட்வின் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை வீடு. பல வருஷமாக போலீஸ் வரும், வரி அதிகாரிகள் வருவார்கள், வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளைகளைத் தேடிக்கொண்டும் வருவார்கள். அங்கே குடியிருந்தவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

கம்ப்யூட்டரின் ஐ.பி. எண்ணைக் கொடுத்தால் அது இருக்கும் இடத்தைச் சொல்கிற கம்பெனி மேக்ஸ்மைண்ட். 'அமெரிக்காதான், அதற்கு மேல் தெரியாது' என்ற எண்களுக்கெல்லாம் நாட்டின் நடுப்புள்ளி என்று தோராயமாக 38, -97 போட்டுவிட்டார்கள். சுமார் அறுபது கோடி எண்கள், அத்தனையும் அந்தப் பண்ணை வாசலில்!

'எங்கள் தகவல் ஊர் வரைக்கும்தான், வீடு வரைக்கும் இல்லை' என்றது கம்பெனி. அப்புறம் எதற்கு ஸ்வாமி அட்சரேகை, தீர்க்கரேகை? 2016-ல் விஷயம் பத்திரிகையில் வந்ததும் புள்ளியை ஓர் ஏரிக்கு நகர்த்தினார்கள். ஏரியும் பொய்தானே?

தப்பான விவரம் எங்காவது இடிக்கும், பிடித்துவிடலாம். இல்லாத விவரத்துக்கு நிஜம் மாதிரி ஓர் எண்ணை மாட்டிவிட்டால் யாருக்கும் சந்தேகமே வராது. நான் பி.காம். படித்தபோது டிரையல் பேலன்ஸ் உதைத்தால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் எழுதுவோம். பேரைப் பார்த்தாலே தெரியும், இன்னும் ஆள் அகப்படவில்லை என்று. இவர்களுக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விட என்ன செலவாகியிருக்கும், நீங்களே சொல்லுங்கள்?